பிறைக்கொம்பை அளந்த நீலகண்டர்

மட்டாஞ்சேரித் தெருக்களைக் கடந்து மேற்கே நடந்தால் கோட்டைக் கொச்சியின் கடற்கரை வரும். சீன வலைகள் நிற்கும் அக்கரையில், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலையில் பிறை தோன்றும். மாசி, பங்குனி மாதங்களில் அப்பிறை கடலின்மேல் மிதக்கும் தோணிபோல ஏறத்தாழ மட்டமாகக் கிடக்கும். ஆவணி, புரட்டாசியில் மழைமேகம் வழிவிட்டால், அதே மூன்றாம் பிறை ஒருபுறமாகச் சாய்ந்திருப்பதைக் காணலாம். அப்போது வடபுறக் கொம்பு உயர்ந்தும் தென்புறக் கொம்பு தாழ்ந்தும் இருக்கும். பிறை தொழும் வழக்கத்தைத் தமிழ்நாட்டிலிருந்து தம்முடன் கொண்டுவந்த குடும்பங்களின் மூத்தோர் இம்மாற்றத்தை நன்கு அறிவர்.

கொம்பு என்பதற்குக் கோடு என்பது பழந்தமிழ்ச் சொல். பிறையின் வடமுனையை வடகோடு என்றும் தென்முனையைத் தென்கோடு என்றும் தமிழர் வழங்கினர். எந்தக் கோடு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து மழையையும் விளைச்சலையும் கணிக்கும் பழக்கம் உழவரிடையே இருந்தது. வடமொழியில் கோட்டைச் சிருங்கம் என்பர். கோடு உயர்வது சிருங்கோன்னதி. வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் தோணி, கலப்பை, வில், கோல் எனப் பிறையின் நிலைகளுக்குப் பெயர் சூட்டி, ஒவ்வொன்றுக்கும் நாட்டுக்கு வரும் பலன் கூறியுள்ளார். பலன் சொன்னோர் பலர். எந்த நாளில் எந்தக் கோடு எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முயன்ற வானியலாரும் பழங்காலந்தொட்டே இருந்தனர். அக்கணக்கை நுட்பமாக்கி, தம் பெருநூலின் இறுதி இயலாக அமைத்தவர் கொச்சிக்கு வடக்கே வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி.

நீலகண்டர் 1444ஆம் ஆண்டில் பிறந்தார். கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணி வரும் நாள்களில் தாம் பிறந்த நாள் எத்தனையாவது என்பதை அவரே குறித்து வைத்துள்ளார். ஊர், திருக்கண்டியூர். அது இன்றைய மலப்புறம் மாவட்டத்தில், திரூருக்கு அருகில் உள்ளது. மலையாள மொழியின் தந்தை எனப்படும் எழுத்தச்சனின் துஞ்சன் பறம்பும் அப்பக்கமே. கேளல்லூர் என்னும் நம்பூதிரி இல்லத்தில் ஜாதவேதர் என்பவரின் மகனாக அவர் தோன்றினார். சோம வேள்வி செய்தமையால் சோமயாஜி எனப்பட்டார். இரவி என்னும் ஆசிரியரிடம் வேதாந்தமும் வானியலின் தொடக்கமும் கற்றபின், ஆலத்தூரில் வாழ்ந்த தாமோதரரின் மாணவரானார்.

அந்த இல்லத்தின் பெருமை தனியானது. தாமோதரரின் தந்தை பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் வானத்தை உற்றுநோக்கியவர். நிளை ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வாழ்ந்த அவர், ஒவ்வொரு கிரகணத்தையும் கண்டு, கணக்கு கூறிய நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்தார். பழைய கணக்கு வானத்தோடு பொருந்தாமையால், 1431ஆம் ஆண்டில் திருக்கணிதம் என்னும் திருத்தமுறையை வகுத்தார். திருக் என்பது கண்ணால் காண்பது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களின் அட்டையில் இன்றும் காணப்படும் திருக்கணிதம் என்ற சொல்லின் பொருளும் அதுவே. தம் ஆசிரியரின் ஆசிரியராகிய பரமேசுவரரைப் பற்றி நீலகண்டர் பெருமதிப்போடு எழுதியுள்ளார். ஐம்பத்தைந்து ஆண்டு உழைப்பு என்ற செய்தி நமக்குக் கிடைத்ததும் அவர் எழுத்தால்தான்.

நீலகண்டரின் புகழ்பெற்ற நூல் தந்திரசங்கிரகம். எட்டு இயல்களும் 432 பாடல்களும் கொண்ட வடமொழி நூல் அது. அதன் முதல் பாடல் திருமாலை விளித்துத் தொடங்குகிறது. எழுத்துகளை எண்களாகக் கொள்ளும் கேரள முறையில் அவ்விளியைப் படித்தால், நூல் தொடங்கிய நாளின் எண் கிடைக்கும். முடிவிலுள்ள வாழ்த்தும் அவ்வாறே முடிந்த நாளைக் கூறும். இரண்டுக்கும் இடையே ஐந்தே நாள்கள்! ஐந்து நாளில் 432 பாடல்கள் என்றால், பல ஆண்டுகள் மனத்தில் ஊறிய கணக்கே அப்போது பாடலாக வெளிவந்திருக்க வேண்டும். ஆண்டு 1500. அதே ஆண்டின் இறுதியில்தான் கப்ராலின் தலைமையில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் கொச்சித் துறைமுகத்தில் முதன்முதலாக நங்கூரம் பாய்ச்சின. விண்மீன்களை அளந்து கடல் கடந்து வந்த மாலுமிகள் கொச்சியில் மிளகு ஏற்றிக்கொண்டிருந்தனர். அதே கரையில் சற்று வடக்கே இந்நூல் பனையோலைகளில் இருந்தது. இரு தரப்பினரும் ஒருவரையொருவர் அறிந்திலர்.

தந்திரசங்கிரகத்தின் எட்டாம் இயலே சிருங்கோன்னதி. அதன் கருத்தைப் புரிந்துகொள்ள ஒரு வில்லை நினைத்தால் போதும். நிலவுக்குத் தன்னொளி இல்லை. கதிரவனை நோக்கிய பாதியே ஒளிரும். ஆகையால் பிறையை ஒரு வில்லாகக் கொண்டு அதில் அம்பு பூட்டினால், அவ்வம்பு எப்போதும் கதிரவன் இருக்கும் பக்கமே பாயும். மாலையில் கதிரவன் கடலுக்குள் மறைந்த பின்னரும் அதன் இடம் அங்கேதான். அது பிறைக்கு நேர் கீழே இருந்தால் அம்பு நேராகக் கீழ்நோக்கும், இரு கோடுகளும் சம உயரத்தில் நிற்கும், பிறை தோணியாகும். கதிரவன் பிறைக்கு வடக்கே விலகி மறைந்திருந்தால் அம்பு வடக்காகச் சாயும், வடகோடு உயரும். தெற்கே விலகியிருந்தால் தென்கோடு உயரும்.

கதிரவனும் நிலவும் வானத்தில் ஏறத்தாழ ஒரே பாதையில் செல்கின்றன. அப்பாதை அடிவானத்தோடு கூடும் கோணம் மாதந்தோறும் மாறும். மாசி, பங்குனி மாலைகளில் கொச்சியில் அப்பாதை ஏறக்குறையச் செங்குத்தாக எழுகிறது. புரட்டாசியில் அது தெற்கு நோக்கி நன்றாகச் சாய்ந்துவிடும். அப்போது பிறை தெற்கே ஒதுங்கி நிற்க, கதிரவன் அதற்கு வடக்கே மறைகிறது. நிலவின் பாதை கதிரவனின் பாதையிலிருந்து 5 பாகை அளவு விலகியும் செல்வதால், ஓர் ஆண்டின் சாய்வு மறு ஆண்டில் அப்படியே திரும்புவதில்லை.

ஊரும் இதில் பங்கு பெறும். கொச்சியில் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் 10 பாகை உயரத்தில் மட்டுமே தெரியும். இலண்டனில் அது 51 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும். வடக்கே செல்லச் செல்ல வானத்தின் பாதைகள் மேலும் சாய்கின்றன. ஆகவே செப்டம்பர் மாத மாலைப் பிறை இலண்டனில் நட்டுவைத்த வில்போல ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். தோணிப் பிறை நம் போன்ற வெப்ப நாடுகளுக்கே பழக்கமான காட்சி.

ஒரே இரவிலும் சாய்வு மாறும். முழுநிலவில் முயல்போலத் தெரியும் கறையை மாலையில் கிழக்கே பார்த்து, மீண்டும் விடியலில் மேற்கே பார்த்தால், அது தலைகீழாகத் திரும்பியதுபோல் தோன்றும். கிழக்கே எழும்போது மேலிருந்த விளிம்பு, மேற்கே மறையும்போது கீழே வந்துவிடுகிறது. நிலவு புரண்டு படுப்பதில்லை. பூமியின் சுழற்சியால் வானம் முழுவதும் துருவத்தைச் சுற்றி வருவதுபோல் தோன்றுகிறது. பார்ப்பவரும் கிழக்கு நோக்கி நின்றவர் மேற்கு நோக்கித் திரும்பிவிடுகிறார்.

கோட்டின் உயர்வைக் கணக்கிடுவது எளிதன்று. கதிரவனின் இடம், நிலவின் இடம், இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு, பார்ப்பவரின் ஊர், நேரம் ஆகிய அனைத்தும் சரியாக அமைய வேண்டும். ஒன்று பிழைத்தாலும் ஓலையில் வரைந்த பிறை வேறுபக்கம் சாயும்; வானத்துப் பிறை அதைப் பொய்யென்று காட்டிவிடும். நீலகண்டர் இன்னொன்றையும் கணக்கில் சேர்த்தார். பார்ப்பவர் பூமியின் நடுவில் இல்லை. அதன் மேற்பரப்பில் நிற்கிறார். இதனால் அடிவானத்தருகே நிலவின் இடம் ஏறத்தாழ ஒரு பாகை வரை விலகித் தோன்றும். நிலவின் தொலைவு நாள்தோறும் மாறுவதையும் அவர் விடவில்லை. எல்லாவற்றையும் கணக்கிட்டபின், ஒளிரும் பகுதியையும் இரு கோடுகளின் நிலையையும் படமாக வரைந்து காட்டும் முறையைக் கூறினார். அந்தப் படத்தில் மழையும் இல்லை, பஞ்சமும் இல்லை. நிலவின் நிழலைக் கொண்டு நேரம் அறியும் கணக்கிற்காகச் சந்திரச்சாயா கணிதம் என்னும் தனி நூலையும் அவர் இயற்றினார்.

கோள்களைப் பற்றியும் அவர் புதிதாகச் சிந்தித்தார். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் கதிரவனைச் சுற்ற, அக்கதிரவன் பூமியைச் சுற்றுவதாக அவர் அமைத்த அமைப்பை ஒத்ததை, 1588ஆம் ஆண்டில் டென்மார்க்கின் டைகோ பிராகி தனியே வெளியிட்டார்.

பழைய நூல்களைத் திருத்துவது அக்காலத்தில் சிறிய செயலன்று. விழாவும் வேள்வியும் நோன்பும் நாள் பார்த்தே நடந்தன. முன்னோர் தந்த எண்களை மாற்றினால் அவற்றின் புனிதம் கெடும் என்று அஞ்சியோர் இருந்தனர். வானியல் நூல்களைத் தெய்வம் நேரில் அருளியதாகக் கொண்டோரும் இருந்தனர். 1504ஆம் ஆண்டில் எழுதிய ஜ்யோதிர்மீமாம்சையில் நீலகண்டர் இவர்களுக்கு விடை கூறினார். தெய்வம் நேரில் வந்து கணக்குச் சொல்லித் தருவதில்லை. தெய்வ அருளால் கிடைப்பது தெளிந்த அறிவே என்பது அவர் கருத்து. பழைய நூல்களே தமக்குள் மாறுபடுவதை எடுத்துக்காட்டி, ஒவ்வொரு தலைமுறையும் கிரகணங்களையும் கோள்களையும் கண்ணால் கண்டு எண்களைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். அவர் வேள்வி செய்த வைதிகர். முன்னோரை இகழ்ந்தவர் அல்லர். ஆயினும் கணக்கும் வானமும் முரண்பட்டால் திருத்த வேண்டியது எது என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை.

அவர் புகழ் தமிழ்நாட்டையும் எட்டியது. தமிழ்நாட்டில் அக்காலத்தில் வாழ்ந்த வானியலார் சுந்தரராஜர். தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான வாக்கியகரணம் என்னும் நூலுக்கு உரை எழுதியவர் அவர். நிலவின் நாள்தோறுமுள்ள இடத்தை 248 சிறு வாக்கியங்களில் அடக்கி மனப்பாடம் செய்யும் முறை தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பொதுவானது. எழுதுகோல் இன்றியே, வாக்கியத்தை நினைத்த அளவில் நிலவின் இடம் கூறுவோர் இரு நாட்டிலும் இருந்தனர். சுந்தரராஜர் தமக்கு எழுந்த ஐயங்களைக் கேள்விகளாக்கி நீலகண்டருக்கு அனுப்பினார். நீலகண்டர் அவற்றுக்கெல்லாம் விடை எழுதினார். அவ்விடைகள் சுந்தரராஜப் பிரச்னோத்தரம் என்னும் நூலாயின. ஆறு தரிசனங்களிலும் கரை கண்டவர் என்று நீலகண்டரைத் தம் உரையில் சுந்தரராஜர் போற்றியுள்ளார். மலைக்கு இருபுறமும் வாழ்ந்த இருவரையும் இணைத்தது வானம்.

முதுமையில் நீலகண்டர் ஆரியபட்டீயத்துக்கு விரிவான உரை வரைந்தார். நேத்திரநாராயணர் எனப்பட்ட ஆழ்வாஞ்சேரித் தம்பிராக்கள் அவருக்கு ஆதரவளித்தார். தாம் கற்றதைத் தம்பி சங்கரருக்கும் பயிற்றுவித்தார். அவர் வழியில் வந்த சங்கர வாரியர் தந்திரசங்கிரகத்துக்கு உரைகள் எழுதினார். ஜேஷ்டதேவர் அந்நூலின் கணக்குகளுக்கு உரிய காரணங்களை மலையாள உரைநடையில் விளக்கி யுக்திபாஷை இயற்றினார். நூறாண்டு நிரம்ப வாழ்ந்த நீலகண்டர் 1544ஆம் ஆண்டளவில் மறைந்தார்.

அவருடைய ஓலைகள் நெடுங்காலம் இல்லங்களிலேயே கிடந்தன. யுக்திபாஷையின் கணிதப் பகுதியைக் கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த இராமவர்மா தம்புரானும் அகிலேசுவர ஐயரும் 1948ஆம் ஆண்டில் விளக்கத்தோடு பதிப்பித்தனர். தந்திரசங்கிரகம் 1958ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. சுந்தரராஜருக்கு எழுதிய விடைநூல் மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. தமிழ்நாட்டு அறிஞர் கேட்ட கேள்விகள் எவை என்பதும், கேரள அறிஞர் தந்த விடைகள் எவை என்பதும் அந்த ஓலைகளோடு மறைந்து கிடக்கின்றன.