பறவைக்காகக் காத்திருந்த கோடீஸ்வரர் லோக் வான் தோ

கோலாலம்பூரில் ஜாலான் லோக் இயூவைத் தெரியாதவர் குறைவு. அந்தச் சாலைக்குப் பெயர் தந்த லோக் இயூ, சிறுவனாகச் சீனாவிலிருந்து வெறுங்கையுடன் மலாயா வந்து, ஈயத்திலும் ரப்பரிலும் பெரும் செல்வம் சேர்த்தவர். அவருடைய மகன் லோக் வான் தோவை 'கேத்தே' திரையரங்குகளின் அதிபர் என்றே மூத்த தலைமுறை அறியும். ஆனால், காட்டுப் பறவைகளைப் படம் பிடிப்பதில் அவர் தேர்ந்த கலைஞர் என்பது பலருக்குத் தெரியாது.

1915 ஜூன் 14ஆம் தேதி கோலாலம்பூரில் பிறந்தார் வான் தோ. இரண்டு வயது நிறையும் முன்பே, 1917இல் தந்தை காலமானார். தாயார் லிம் செங் கிம் அவரை வளர்த்து ஆளாக்கினார். விக்டோரியா கல்விக்கூடத்தில் தொடங்கிய படிப்பு, சுவிட்சர்லாந்திலும் பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் தொடர்ந்தது.

1939இல் சிங்கப்பூரில் கேத்தே திரையரங்கம் திறக்கப்பட்டது. குளிர்சாதன வசதியோடு மக்கள் படம் பார்த்த அந்த அரங்கம், அந்நாளில் ஊரே பேசிய அதிசயம். இளம் வயதிலேயே வான் தோவின் கைக்குப் பெரிய தொழில் வந்துவிட்டது.

கடலில் வந்த ஆபத்து

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை சிங்கப்பூரை நெருங்கியது. 'நோரா மொல்லர்' என்ற கப்பலில் ஏறி வான் தோ தப்பிச் சென்றார். சுமத்ராவுக்கு அருகே அந்தக் கப்பல் மீது குண்டு வீசப்பட்டது. உடலில் கடுமையான தீக்காயம். கண் பார்வையும் போனது. சிகிச்சைக்குப் பிறகு பார்வை திரும்பியது. அங்கிருந்து இந்தியா போய்ச் சேர்ந்தார்.

சொந்த ஊர் எதிரியின் கையில் இருந்தது. கேத்தே கட்டடத்திலிருந்து ஜப்பானியர் பிரசாரம் செய்துகொண்டிருந்தனர். அந்த நாள்களில்தான் பம்பாயில் இந்தியாவின் தலைசிறந்த பறவையியல் அறிஞர் சலிம் அலியின் நட்பு கிடைத்தது. அவரோடு காடும் மேடும் அலைந்தபோது, பறவை மீதிருந்த ஆர்வம் வாழ்நாள் ஈடுபாடாக வளர்ந்தது. பார்வை போய்த் திரும்பிய கண்கள், எளிதில் அகப்படாத பறவைகளைத் தேடத் தொடங்கின.

மறைவிடத்தில் தவம்

இன்று கைப்பேசியிலேயே நூறு படம் எடுத்து, பிடிக்காததை அழித்துவிடலாம். 1940களில் கேமரா கனமானது, பிலிம் விலை கூடியது. பறவையோ ஒரு நொடி கூட நிற்காது. அதனால் படக்காரர்கள் பெரும்பாலும் கூட்டையே நம்பினர். எங்கே பறந்தாலும் குஞ்சுக்கு இரை கொடுக்கத் தாய் திரும்பி வந்தே ஆகவேண்டும்.

கூட்டுக்குச் சற்றுத் தூரத்தில் துணியால் சிறு மறைவிடம் அமைப்பார்கள். ஒரே நாளில் அருகே கொண்டுபோனால் பறவை மிரண்டு கூட்டையே கைவிட்டுவிடும். ஆகவே நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்துவார்கள். பிறகு இருவர் உள்ளே போவார்கள். ஒருவர் மட்டும் வெளியே வருவார். பெரும்பாலும் பறவை, ஆள் போய்விட்டதாக நினைத்துக் கூட்டுக்குத் திரும்பும். உள்ளே இருப்பவர் வியர்வை வழிய, கொசு கடிக்க, இருமலை அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கூட்டை மறைக்கும் கிளையை வெட்டக்கூடாது; படம் எடுத்து முடியும் வரை கட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். இல்லையேல் குஞ்சுகள் வெயிலில் வாடிவிடும்.

பணத்தால் நல்ல கேமரா வாங்கலாம். பறவையை வரவழைக்க முடியாது. பெரும் நிறுவனத்தின் அதிபரும் அங்கே காத்திருக்கத்தான் வேண்டும்.

நாடு திரும்பிய பின்

போர் முடிந்ததும் சிங்கப்பூர் திரும்பிய வான் தோ, தொழிலை மீண்டும் எழுப்பினார். மலாயாவெங்கும் திரையரங்குகள் பெருகின. 'கேத்தே-கிரிஸ்' ஸ்டூடியோ மலாய்ப் படங்களைத் தயாரித்தது. 1957இல் ரசிகர்களை நடுங்க வைத்த 'பொந்தியானாக்' அங்கே உருவானதுதான். அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ். மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் தலைவர் பொறுப்பையும் வான் தோ வகித்தார்.

இத்தனை வேலைக்கு இடையிலும் கேமராவை அவர் கீழே வைக்கவில்லை. அதே 1957இல் அவருடைய பறவைப் படங்களும் அனுபவங்களும் 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' என்ற நூலாக லண்டனில் வெளிவந்தன. அவருடைய முதல் மனைவி கிறிஸ்டினாவும் தேர்ந்த பறவைப் படக்காரர். மால்கம் மெக்டொனால்டு தமது இந்தியத் தோட்டத்துப் பறவைகளைப் பற்றி 1960இல் வெளியிட்ட நூலில் உள்ள படங்கள் கிறிஸ்டினா எடுத்தவை. சலிம் அலியின் ஆய்வுப் பயணங்களுக்கு வான் தோ பண உதவியும் செய்தார்.

1964இல் ஆசியத் திரைப்பட விழாவுக்காக மனைவி மேவிசுடன் தைவான் சென்றார். ஜூன் 20ஆம் தேதி அவர்கள் ஏறிய விமானம் தைச்சுங் அருகே விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 57 பேரும் மாண்டனர். ஆறு நாளுக்கு முன்புதான் வான் தோவுக்கு 49 வயது நிறைந்திருந்தது.

சிங்கப்பூரில் பழைய கேத்தே கட்டடத்தின் முகப்பு தேசிய நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. மும்பையில் உள்ள இயற்கை வரலாற்றுக் கழகம், பறவை ஆய்வுக்கென ஓர் இருக்கையை ஏற்படுத்தி, சலிம் அலி, லோக் வான் தோ ஆகிய இரு நண்பர்களின் பெயரையும் சேர்த்தே அதற்குச் சூட்டியது.