படித்த இலங்கையரின் பிரதிநிதி

கொழும்பு கொச்சிக்கடையிலே கருங்கற்றளியாய் விளங்கும் பொன்னம்பலவாணேசுவரத்தை வழிபடச் செல்வோர், அதனைக் கல்லாற் கட்டுவித்த சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைச் சைவப் பெரியாராகவே நினைப்பர். அத்திருப்பணி நடந்துகொண்டிருந்த நாட்களிலேதான், 1911 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அவர் ஒரு தேர்தலிலும் நின்றார். எமது சங்கத்துப் பெரியோர் அத்தேர்தலைப் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதன் கணக்கைச் சற்று நின்று பார்க்க விரும்புகின்றோம்.

இராமநாதன் 1851 ஏப்ரல் 16 ஆந் தேதி கொழும்பிலே பிறந்தவர். கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று நியாயவாதியானார். தாய்மாமனாகிய சேர். முத்துக் குமாரசுவாமி 1879 இல் மறைய, சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். பௌத்தரின் வெசாக் திருநாள் 1885 இல் விடுமுறை நாளானதில் இவருக்கும் பங்குண்டு. பின்னர்ப் பல ஆண்டுகள் சொலிசிற்றர் ஜெனரலாகக் கடமையாற்றி ஓய்வுபெற்றார்.

அக்காலச் சபையில் மக்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தவர் ஒருவரும் இல்லை. தேசாதிபதி நியமித்தவர்களே இருந்தனர். மக்கலம் தேசாதிபதி காலத்துச் சீர்திருத்தத்தால் உத்தியோகத்தர் பதினொருவரும் உத்தியோகப்பற்றற்றோர் பதின்மரும் கொண்ட சபை அமைந்தது. அப்பதின்மரில் நால்வர் மாத்திரம் தேர்தலால் வருவர். ஐரோப்பியருக்கு இரண்டு, பறங்கியருக்கு ஒன்று, படித்த இலங்கையருக்கு ஒன்று. நாடு முழுவதும் இந்த ஓர் ஆசனத்துக்கு ஒரே தொகுதி. ஏறக்குறைய நாற்பத்தொரு இலட்சம் சனங்கள் வாழ்ந்த நாட்டிலே, ஆங்கிலக் கல்வித் தகுதி பெற்று வாக்காளராய்ப் பதிவானோர் 2,934 பேர். பெண்களுக்கு வாக்கில்லை.

அறுபது வயதான இராமநாதனை எதிர்த்துப் புகழ்பெற்ற வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோ நின்றார். வாக்காளருள் சிங்களவர் 1,659, தமிழர் 1,072, ஏனையோர் 203. இராமநாதனுக்கு 1,645 வாக்குகளும் பெர்னாண்டோவுக்கு 981 வாக்குகளும் விழுந்தன. தமிழரும் ஏனையோரும் ஒருவர் தவறாமல் இராமநாதனுக்கே வாக்களித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மிகுதி 370 வாக்குகள் சிங்களவருடையனவாதல் வேண்டும். உண்மையில் அத்தொகை இதனினும் பெரிதாயிருந்திருக்கும்.

இனபேதமற்ற பொற்காலம் என்று இதனைக் கொண்டாடுவோர் உளர். நாமும் அப்படியே கேட்டு வளர்ந்தோம். ஆனால் பெர்னாண்டோ கராவ சாதியினர். கொவிகம சாதிச் சிங்களவர் பலர் அவரைத் தெரிவுசெய்வதிலும் உயர்குலத் தமிழர் ஒருவரைத் தெரிவுசெய்வது மேல் என்று எண்ணினர். இதனை வரலாற்றாசிரியர் மறைப்பதில்லை. நாமேன் மறைக்க வேண்டும்? இனம் என்ற சுவரைத் தாண்டுதற்குச் சாதி என்ற ஏணி உதவிற்று.

எவ்வாறு பெற்ற ஆசனமாயினும், அதை அவர் பயன்படுத்திய விதத்திலே குறை காண்பதரிது. 1915 இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் கலகம் மூண்டபோது அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. டி. பி. ஜயதிலக, சேனநாயக்க சகோதரர் முதலியோர் சிறைப்பட்டனர். ஹென்றி பெதிரிஸ் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் வாய்திறக்க அஞ்சிய வேளையில் இராமநாதன் சபையிலே அரசின் கொடுமைகளை எடுத்துரைத்தார். உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கவும் கடல் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். அவர் மீண்டபோது சிங்களத் தலைவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர் என்பது பெரியோர் பலகாலுஞ் சொல்லும் செய்தி. 1917 இல் அதே ஆசனத்துக்கு மீண்டும் தெரிவானார்.

பெண்களின் கல்விக்காக 1913 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலே ஆங்கிலமுங் கற்க வேண்டுமென்பது அவர் நோக்கம். எனினும் பிறர் வேதத்தை அவர் வெறுத்தவரல்லர். மிஷன் பாடசாலையிலே பல்லாண்டு வேதபாடம் படித்த எமக்கு, மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு அவர் உரை எழுதியிருந்தார் என்பது பல்கலைக்கழகம் வந்த பின்னரே தெரிந்தது!

இனி எமக்கு உடன்பாடில்லாத ஒன்று. 1928 இல் டொனமூர் குழுவினர் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது இராமநாதன் அதனை வன்மையாக எதிர்த்தார். கல்லாதோர் கையில் வாக்கு ஆபத்து என அஞ்சினார். சிறுபான்மையோர் எண்ணிக்கையில் அமிழ்ந்துவிடுவர் எனவும் அஞ்சினார். பின்னைய அச்சத்தைப் பிற்கால நிகழ்ச்சிகள் பொய்யாக்கவில்லை என்று பெரியோர் வாதிப்பர். அவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடோம். ஆயினும் எம் பாட்டனார்களிற் பெரும்பாலோர் அந்த 2,934 பேருள் அடங்காதவர்கள். அவர்களுக்கு வாக்கு வேண்டாமென்று சொன்ன ஒரு வாதத்தை மற்றொரு வாதத்தின் நிழலில் ஒதுக்கிவைக்க எம்மால் இயலவில்லை.

1930 இல், முதிர்ந்த வயதிலும், இது குறித்து முறையிட மீண்டும் இலண்டன் சென்றார். பலன் கிட்டவில்லை. அவ்வாண்டு நவம்பர் 26 ஆந் தேதி இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டிலே இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர். மருதனார்மடத்தில் அவர் கட்டிய கல்லூரியிலே கற்றுத் தேறிய பெண்களும் அவர்களுள் இருந்தனர்.