இடப்பெயர்வில் தொடங்கிய தாவரத் தேடல்

ஜெனீவா என்றதும் எங்களில் பலருக்கு மனித உரிமைகள் பேரவையும் அதன் தீர்மானங்களுமே நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். வாளவரையின் விஞ்ஞானப் பெயரைத் தேடியபோதுதான் அந்நகரின் வேறொரு மனிதரை அறிந்தேன். 'கனவாலியா கிளாடியாட்டா' என்ற அப்பெயரை 1825இல் நிலைப்படுத்தியவர் ஒகஸ்டின் பிராமுஸ் டி கண்டோல்.

1778இல் ஜெனீவாவில் பிறந்தவர் அவர். 1792இல் பிரெஞ்சுப் படை நகரை நெருங்கியபோது குடும்பம் யூரா மலையடிவாரக் கிராமமொன்றுக்கு இடம்பெயர்ந்தது. அங்குதான் அந்தச் சிறுவன் செடிகளைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினான்.

1804இல் பாரிஸில் மருத்துவப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வில், உருவத்தால் உறவுள்ள செடிகள் மருந்துக்குணத்திலும் ஒத்திருக்கும் என வாதிட்டார். தாவரச் சேர்மங்கள் பெரும்பாலும் பிரித்தெடுக்கப்படாத காலம் அது. 1808இல் மொன்பெலியேயில் பேராசிரியரானார். 1813இல் வெளியிட்ட நூலில், வகைப்பாட்டியலைக் குறிக்க இன்று உலகம் பயன்படுத்தும் 'டக்சோனமி' என்ற சொல்லை உருவாக்கினார்.

நெப்போலியனின் வீழ்ச்சியையடுத்த அரசியல் நெருக்கடியால் 1816இல் ஊர் திரும்பினார். ஸ்பெயினிலிருந்து வெளியேறிய தாவரவியலாளர் மொசின்யோ, மெக்சிக்கோத் தாவர ஓவியங்களை அவரிடம் ஒப்படைத்திருந்தார். 1817இல் அவர் அவற்றைத் திருப்பிக் கேட்டபோது, ஜெனீவா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடி ஏறத்தாழ பத்து நாட்களில் பிரதியெடுத்தனர். மொசின்யோ விரைவில் இறந்தார். மூல ஓவியங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காணாமற்போயின. பிரதிகளே எஞ்சின. எரிந்த நூலகத்தை நினைவில் சுமக்கும் எங்களுக்கு அந்தப் பத்து நாட்களின் பெறுமதி புரியும்.

உலகத் தாவரங்களைப் பதியும் பெருநூலை 1824இல் தொடங்கினார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் தொகுதியில் அவரைக் குடும்பம் இடம்பெற்றது. 1841இல் அவர் இறந்தபோது அந்தப் பணி முடியவில்லை. மகன் அல்போன்ஸ் 1873 வரை அதைத் தொடர்ந்தார்.

1804இல் அவர் ஊகித்ததைப் பின்னர் இரசாயனம் சோதித்தது. 1929இல் கனவாலியா இன விதையிலிருந்து கனவானின் என்ற அமினோ அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. அது அவரைக் குடும்பத்தின் ஒரு பெரும் பிரிவுக்கே உரியது. எந்தச் செடியில் உண்டு, எதில் இல்லை என்பது உறவை அறியும் தடயமானது. 1960களில் டெக்சாஸில் அல்ஸ்டன், டேர்னர் இருவரும் பப்டீசியா என்ற அவரையினச் செடிகளின் சாற்றைக் கடதாசி நிறப்பகுப்பில் பரிசோதித்தனர். கலப்புச் செடியில் பெற்றோர் இரண்டினதும் சேர்மங்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. தோற்றத்தால் குழம்பிய உறவுகள் அப்படித் தெளிந்தன.

கனவாலியா என்ற பெயரோ மலபார் மக்கள் அந்தக் கொடியை அழைத்த சொல்லிலிருந்து வந்தது. எங்கள் வேலியில் படரும் வாளவரையின் பெயருக்குப் பின்னால், ஊர்விட்டு ஓடிய அந்தச் சிறுவனின் பெயர்ச்சுருக்கம் இன்றும் நிற்கிறது.