டச்சுக்காரரோடு சமாதானம் பேசிய ஏர்வாடித் தமிழர்
இராமய்யன் தளவாய் வாழ்க்கை

தம்பானூரில் ரயிலைவிட்டோ பஸ்ஸைவிட்டோ இறங்கும் நம்மவர் கையில் ஒரு பெட்டி இருக்கும். சட்டைப் பையில் யாரோ எழுதிக் கொடுத்த விலாசம் இருக்கும். முதல் கவலை வேலை. அடுத்த கவலை தங்க ஓர் இடம். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில், இதே கவலையோடு திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார் ஒரு தமிழ் இளைஞர். பின்னாளில் ஓர் ஐரோப்பிய வல்லரசு போரில் தோற்றபோது, அதனோடு சமாதானம் பேசும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர்தான் இராமய்யன் தளவாய்.

ஏர்வாடியிலிருந்து வஞ்சியூர்

திருநெல்வேலிச் சீமையில் வள்ளியூரை அடுத்த ஏர்வாடி அவருடைய சொந்த ஊர். ஏழைப் பிராமணக் குடும்பம். அவர் சிறுவனாக இருக்கும்போதே, பிழைப்பைத் தேடித் திருவட்டாறுப் பக்கத்து அருவிக்கரைக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. வாலிப வயதில் பெற்றோரை இழந்த இராமய்யன் திருவனந்தபுரம் வந்து, வஞ்சியூரில் அத்தியறைப் போற்றியின் இல்லத்தில் வேலைக்கு அமர்ந்தார். தம்பானூரிலிருந்து வஞ்சியூருக்கு நடந்தே போய்விடலாம்.

ஒரு நாள் அந்த இல்லத்துக்கு விருந்துண்ண வந்தார் மன்னர் மார்த்தாண்டவர்மா. விளக்குத் திரியைச் சரிசெய்யும் சின்னஞ்சிறு வேலையில் அந்த இளைஞர் காட்டிய சாமர்த்தியம் மன்னரின் கண்ணில் பட்டது என்றும், அவரை அரண்மனைக்கு அனுப்பும்படி போற்றியிடம் கேட்டுக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும், அரண்மனையில் அவருக்குக் கிடைத்தது இராயசம் வேலை. அதாவது எழுத்து வேலை. இன்றைய கணக்கில் ஒரு குமாஸ்தா. அங்கிருந்து படிப்படியாக உயர்ந்து 1737இல் தளவாய் ஆனார். முதல் மந்திரி, சேனாதிபதி ஆகிய இரண்டு பொறுப்பும் சேர்ந்தது அந்தப் பதவி.

மிளகுக்காக ஒரு போர்

அந்தக் காலத்தில் கொச்சியைக் கையில் வைத்திருந்தவர்கள் டச்சுக்காரர்கள். நம் முன்னோர் அவர்களை உலாந்தாக்காரர் என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது மிளகு. சிற்றரசர்களோடு தனித்தனியாக ஒப்பந்தம் செய்து, மிளகைத் தங்களுக்கே குறைந்த விலையில் தரவேண்டும் என்று கட்டிவைத்திருந்தார்கள். மார்த்தாண்டவர்மா அந்தச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கியதும், ஒப்பந்தங்கள் ஆட்டம் காண ஆரம்பித்தன.

1739இல் இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹாஃப் நேரில் வந்து மன்னரைச் சந்தித்தார். கொட்டாரக்கரை அரச குடும்பத்தின் நாட்டைத் திருப்பித் தரவேண்டும், இல்லாவிட்டால் படையெடுப்போம் என்று மிரட்டினார். அப்படியானால் தாமும் மீனவர்களைத் திரட்டிக்கொண்டு ஐரோப்பாமீது படையெடுக்க யோசிக்கலாம் என்று மன்னர் கேலியாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

மிரட்டல் போராக மாறியது. டச்சுப் படை குளச்சலில் இறங்கிச் சுற்றுவட்டார ஊர்களைப் பிடித்தது. மன்னரும் இராமய்யனும் விரைந்து திரும்பினார்கள். 1741 ஆகஸ்டில் டச்சுப் படை சரணடைந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான டிலனாய் கைதியாகப் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தரும் அதிகாரியானார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

பேச்சில் கழிந்த ஆண்டுகள்

குளச்சலை எல்லாரும் அறிவர். அதன் பிறகு நடந்ததைப் பலர் அறியார். ஓர் இடத்தில் தோற்றதனால் டச்சுக் கம்பெனி அழிந்துவிடவில்லை. கொச்சிக் கோட்டை அவர்களிடமே இருந்தது, கப்பல்கள் இருந்தன. ஆனால் அதே சமயத்தில் ஜாவாவில் பெருங்கலகம் வெடித்திருந்தது. ஆகவே பட்டேவியாவிலிருந்து பெரிய படை வர வழியில்லை. இந்த நிலையில்தான் சமாதானப் பேச்சு தொடங்கியது.

டச்சுக்காரர் கேட்டவை இரண்டு. மிளகு பழையபடி தங்களுக்கே வரவேண்டும். தங்களை நம்பியிருந்த காயங்குளம் முதலிய சிற்றரசர்களைத் திருவிதாங்கூர் தொடக்கூடாது. இராமய்யன் தரப்பு முதல் கோரிக்கையைப் பேசத் தயாராக இருந்தது. இரண்டாவதற்கு இணங்கவே இல்லை. அஞ்சுதெங்கில் ஆங்கிலேயர் கோட்டை கட்டிக்கொண்டு மிளகு வாங்கக் காத்திருந்தார்கள். பேச்சு முறிந்தால் மிளகு அவர்களிடம் போய்விடும் என்ற பயம் டச்சுக்காரருக்கு இருந்தது. அந்தப் பயமே திருவிதாங்கூரின் பலம்.

பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இடைப்பட்ட காலத்தில் தளவாய் சும்மா இருக்கவில்லை. 1746இல் காயங்குளம் திருவிதாங்கூரோடு சேர்ந்தது. அம்பலப்புழையும், தெக்கும்கூர், வடக்கும்கூர் நாடுகளும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. யாரைக் காப்பாற்றவேண்டும் என்று டச்சுக்காரர் வாதாடினார்களோ, அவர்களில் பெரும்பாலோர் அரியணையை இழந்துவிட்டார்கள். வாதாட விஷயம் இல்லாமற் போயிற்று.

மாவேலிக்கரை உடன்படிக்கை

வடக்குப் பகுதி அலுவல்களைத் தளவாய் கவனித்துவந்த மாவேலிக்கரையில், 1753 ஆகஸ்ட் 15ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலையாள நாட்டு அரசர்களோடு செய்திருந்த ஒப்பந்தங்களிலிருந்து டச்சுக்காரர் விலகிக்கொள்ளவேண்டும். திருவிதாங்கூரின் எதிரிகளுக்கு உதவியோ அடைக்கலமோ தரக்கூடாது. ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள ஆயுதங்களும் வெடிமருந்தும் திருவிதாங்கூருக்கு வழங்கவேண்டும். இதற்குப் பதிலாக, பேசிய விலைக்குப் பேசிய அளவு மிளகு அவர்களுக்குக் கிடைக்கும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தோற்றவனைத் தரையோடு தேய்க்கவில்லை. அரசியலை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு, வியாபாரத்தை அவனுக்கு விட்டார்கள். உடன்படிக்கையைக் காப்பதில் அவனுக்கும் ஒரு லாபம் இருந்தது. 1919இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனிமீது சுமத்திய கடுமையான நிபந்தனைகள் அந்த நாட்டில் ஆறாத கோபத்தை வளர்த்தன. இருபது ஆண்டில் மீண்டும் உலகப் போர் மூண்டது. மாவேலிக்கரைக்கு முதல் சோதனை சில மாதங்களிலேயே வந்தது. கொச்சியும், நாடிழந்த சிற்றரசர்களும் ஒன்றுகூடி எதிர்த்து, 1754இல் அம்பலப்புழையில் மோதினார்கள். டச்சுக்காரர் உதவிக்கு வரவில்லை. திருவிதாங்கூர் வென்றது.

ஆனால் இந்தச் சமாதானத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். கம்பெனியை நம்பியிருந்த சிற்றரசர்களை அந்தக் கம்பெனியே கைவிட்டது. அவர்களுடைய குடிமக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருவிதாங்கூருக்கு இராமய்யன் நாட்டை வளர்த்த மந்திரி. காயங்குளத்துக்கும் அம்பலப்புழைக்கும் அவர் நாட்டைப் பறித்தவர். இரண்டும் உண்மைதான்.

தமக்கென்று ஒன்றுமில்லை

1756இல் மாவேலிக்கரையில் இராமய்யன் நோய்ப் படுக்கையில் கிடந்தார். மன்னரின் மருமகனான இளவரசர் இராமவர்மா பார்க்க வந்து, குடும்பத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று விசாரித்தாராம். தமக்கென்று எதுவும் வேண்டாம் என்றும், கொச்சியையும் சேர்த்து முடிக்கவில்லையே என்பதுதான் குறை என்றும் இராமய்யன் சொன்னதாகக் கூறுவர். கடைசி நேரத்திலும் அவர் நினைத்தது அலுவலைத்தான். அவருடைய மறைவு மன்னரை வெகுவாக வாட்டியது. இரண்டே ஆண்டில், 1758இல், மார்த்தாண்டவர்மாவும் காலமானார்.

டச்சுக்காரர் மலையாளக் கரையில் மீண்டும் அரசியல் செல்வாக்கு அடையவே இல்லை. மிளகு வாங்கும் வியாபாரிகளாகவே இருந்து, 1795இல் கொச்சியை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

எழுத்து வேலைக்கு வந்தவர் நாடுகளின் எல்லையையே திருத்தி எழுதினார். தம்பானூரில் பெட்டியோடு இறங்கும் நம் பிள்ளைகள் எல்லாரும் தளவாய் ஆகிவிட முடியாது. ஆனால் கொடுத்த சின்ன வேலையை ஒழுங்காகச் செய்வதும், பேசவேண்டிய இடத்தில் அவசரப்படாமல் பேசுவதும் எல்லாருக்கும் முடியும். அந்த இரண்டில்தான் ஏர்வாடிக்காரரின் வாழ்க்கை ஆரம்பமாயிற்று.