துறைமுகத்துக்கே அவர் பெயர்... ஆனா கம்பெனியில் வ.உ.சி-யின் பதவி என்ன தெரியுமா?

தூத்துக்குடி துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரில் இயங்குகிறது. 'கப்பலோட்டிய தமிழன்' என்றால் சின்னக் குழந்தைகூட அவர் பெயரைச் சொல்லும். ஆனா அந்தக் கப்பல் கம்பெனியின் தலைவர் அவர் இல்லை. அவருடைய பதவி, உதவிச் செயலாளர்!

தலைவர் யார்?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி, தூத்துக்குடியில் வக்கீல். அப்போது தூத்துக்குடி - கொழும்பு கடல் வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது.

மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவராக வந்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். ஐடியா வ.உ.சி-யுடையது, ஊர் ஊராக அலைந்து பங்கு விற்றதும் அவரே. ஆனா மக்கள் நம்பிப் பணம் போட, பெரிய பெயர்களும் பெரிய முதலும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முன் நாற்காலிகளை அவர்களுக்கு விட்டுக் கொடுத்தார்.

முதலில் வாடகைக் கப்பல்கள். பிறகு காலியா, லாவோ என இரண்டு சொந்தக் கப்பல்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் சுதேசிக் கப்பலில் கூட்டம் குறையவில்லை.

அடி யாருக்கு?

1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி-யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கபலமாக நின்றார்கள். சில நாள்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பள உயர்வு, வார விடுமுறை எனக் கோரிக்கைகள் ஜெயித்தன.

அரசுக்கு அது பொறுக்கவில்லை. பதவி என்னவாக இருந்தாலும், மக்கள் யார் பின்னால் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். மார்ச் 12-ல் வ.உ.சி, சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

ஜூலையில் தீர்ப்பு. ராஜத்துரோகத்துக்காக வ.உ.சி-க்கு ஒரு தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு தண்டனை. இரண்டும் சேர்த்து 40 ஆண்டுகள்! டீமில் ஒருவர் பேசியதற்கான தண்டனையையும் அவரே சுமந்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், கோவை சிறையில் செக்கிழுக்க வேண்டியிருந்தது.

அவர் இல்லாத கம்பெனி

இங்கேதான் கதையின் கசப்பான பகுதி. வெளியே தலைவர் இருந்தார், இயக்குநர்கள் இருந்தார்கள், பங்குதாரர்களும் இருந்தார்கள். ஆனா அரசின் நெருக்கடிக்கு நடுவே கம்பெனியை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை. 1911-ல் அது கலைக்கப்பட்டது. கப்பல்களும் விற்கப்பட்டன. பதவிகளைப் பகிர்ந்து கொடுத்தவரால், போராடும் பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக முடியவில்லை. அதற்கு அவருக்குக் கிடைத்த அவகாசம் ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

1912 டிசம்பரில் விடுதலையானபோது சிறை வாசலில் பெரிய கூட்டம் இல்லை. வந்த சிலரில், சிறையில் தொழுநோய் தொற்றிய சிவாவும் ஒருவர்.

நன்றி மறக்காதவர்

வக்கீல் சன்னது பறிபோய், சென்னையில் கடை நடத்தியும் பிழைப்பு ஓடவில்லை. பிறகு நீதிபதி வாலஸ் என்ற ஆங்கிலேயர் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. தன் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. எதிர்த்து நின்ற ஆட்சியின் நீதிபதியாக இருந்தாலும், செய்த உதவியை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். இன்று துறைமுக வாசலில் இருப்பது அவர் பெயர் மட்டும்தான். அடுத்த முறை அதைப் படிக்கும்போது பாண்டித்துரைத் தேவர், பக்கீர் சேட், சிவா, 25 ரூபாய் போட்ட பங்குதாரர்கள் எல்லோரையும் சேர்த்தே படிக்கலாம். கம்பெனியைத் தொடங்கியபோது வ.உ.சி-யும் அப்படித்தான் எழுதி வைத்தார்.