பிரித்துப் பார்த்தவர்



போன வருஷம் டிப்ளமோவை விட்டுவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன். மூன்று பேப்பர் அரியர். அதில் ஒன்று எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ். பட்டாசு ஆலையில் அம்மா வாங்கும் சம்பளம் என் ஃபீஸுக்கும் பஸ்ஸுக்குமே சரியாப் போகுது, பேசாம நானும் வேலைக்குப் போயிடலாம்னு தோணுச்சு. அந்த நேரத்தில் நூலகத்தில் கைக்குக் கிடைத்ததுதான் ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை வரலாறு.

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை; சின்ன வகுப்போடு சரி. வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்து போனார். நாமாக இருந்தால் ஒரு பெருமூச்சு விட்டிருப்போம். அவரோ கோவைக்குப் போய், ஓட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். அதுதான் அவருடைய கல்லூரி!

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து, உள்நாட்டிலேயே மின் மோட்டார் தயாரித்தார். பாட்டரியில் ஓடும் சவர ரேசர் உருவாக்கினார். பருத்தியிலும் பப்பாளியிலும்கூட சோதனை செய்தார்.

படிக்காதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தோன்றக் காரணமானவர் அவர்தான். அதன் முதல்வராகவும் இருந்தார். கருவியைக் கையில் கொடுத்துக் கற்பித்தால் நான்கு வருஷப் படிப்புக்கு இரண்டே வருஷம் போதும் என்பது அவர் எண்ணம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை, பதவியை விட்டு விலகினார். 1974-ல் மறைந்தார்.

புத்தகத்தை மூடியதும் சூலக்கரையில் எங்க வீட்டு மூலையில் கிடந்த டேபிள் ஃபேன் ஞாபகம் வந்தது. 'உம்'முனு சத்தம் போடும், சுத்தாது. கையால் தள்ளிவிட்டால் சுத்தும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றினேன். முதல் நாள் திரும்பப் பூட்டத் தெரியாமல் அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். மறுநாள் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் வரிசையில் படம் வரைந்துகொண்டேன். கோளாறு கெப்பாசிட்டரில். ஒற்றை ஃபேஸ் மோட்டார் தானாகப் புறப்படாது, அதைத் தொடங்கிவைக்கத் துணைச் சுருளும் கெப்பாசிட்டரும் வேண்டும் என்று இரண்டு தடவை மனப்பாடம் செய்தும் ஏறாத பாடம், அன்றைக்கு அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. புதுக் கெப்பாசிட்டர் போட்டேன், ஃபேன் சுற்றியது. அந்த அரியரும் போயிற்று. மற்ற இரண்டும் இன்னும் பாக்கி. ஆனால் படிப்பை விடும் எண்ணம் போய்விட்டது.

நண்பர்களே, ஆராய்ச்சி செய்யப் பெரிய லேப் வேண்டாம். ஓடாத சைக்கிள் டைனமோ, எரியாத டியூப்லைட் போதும். ஏன் என்று கேளுங்கள், கழற்றுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டுங்கள். ஒன்றே ஒன்று: நம்ம ஊரில் பிறந்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பட்டாசை மட்டும் பிரித்துப் பார்க்காதீங்க!