சோஃபி ஜெர்மேன்: வகுப்பறை இல்லாமல் கணிதம் கற்றவர்

சாதாரண தரப் பரீட்சைக்காக நாம் மனனஞ் செய்த சூத்திரங்களுள் இன்றுவரை மறவாதது இரு வர்க்கங்களின் வித்தியாசம். அதனோடு வர்க்கபூர்த்தியையும் சேர்த்தால் ஒரு வேடிக்கை செய்யலாம். 629 முதன்மை எண்ணா? பார்வைக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அது 5இன் நான்காம் அடுக்கான 625உடன் 4ஐக் கூட்டி வந்த எண். 100ஐக் கூட்டினால் 729, அதாவது 27இன் வர்க்கம். கூட்டிய 100ஐத் திரும்பக் கழிக்க வேண்டும். அது 10இன் வர்க்கம். 27உம் 10உம் கூட்ட 37, கழிக்க 17. ஆகவே 629 என்பது 37 தர 17. ஐந்தின் இடத்தில் 1ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணை வைத்தாலும் இவ்வாறே காரணிப்படும்.

இச்சூத்திரம் எங்கள் பாடநூலில் இருக்கவில்லை. அதற்கு வேண்டிய இரண்டு கருவிகளும் இருந்தன. அது வழங்குவது சோஃபி ஜெர்மேன் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் பெயரால்.

1776 ஏப்ரல் 1ஆந் திகதி பரிஸ் நகரில் ஒரு பட்டு வியாபாரியின் மகளாக அவர் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது வயது 13. வீதியில் கலவரம், வீட்டுக்குள்ளே தந்தையின் நூலகம். அங்கே ஒரு கணித வரலாற்று நூலில், கேத்திரகணிதத்தில் மூழ்கியிருந்த ஆர்க்கிமிடிஸ் உரோமப் படைவீரனால் கொல்லப்பட்ட கதையை வாசித்தார். ஒரு மனிதரை அவ்வளவுக்கு ஆட்கொள்ளும் பாடம் எதுவென்று அறியும் ஆவல் அவரைப் பிடித்துக்கொண்டது. நியூட்டனையும் ஒயிலரையும் படிப்பதற்காகத் தாமாகவே இலத்தீன் கற்றார்.

பெற்றோர் பயந்தனர். இரவில் அவர் படியாதிருக்க மெழுகுதிரியையும் குளிருடைகளையும் எடுத்துவிட்டு, அடுப்பு நெருப்பையும் இல்லாமற் செய்தனர். ஒளித்துவைத்த மெழுகுதிரியோடு போர்வைக்குள் இருந்து, மைக்கூட்டில் மை உறைந்த இரவுகளிலும் அவர் கணக்குச் செய்தார் என்று, அவரை அறிந்த லிப்ரி பின்னர் எழுதினார். இறுதியில் பெற்றோர் விட்டுக்கொடுத்தனர். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு இந்தப் பகுதியைச் சும்மா கடந்துபோக முடிவதில்லை. எங்கள் அம்மாமார் மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்தது நாங்கள் படிப்பதற்காக.

1794இல் பரிஸில் எக்கோல் பொலிடெக்னிக் ஆரம்பமாயிற்று. பெண்களுக்கு அனுமதியில்லை. சோஃபி விரிவுரைக் குறிப்புகளைத் தேடிப் பெற்று, லெப்லான் என்ற மாணவனின் பெயரில் பேராசிரியர் லாகிராஞ்சுக்குத் தமது விடைகளை அனுப்பினார். எழுதியது யாரென்று அறிந்த பின்னரும் லாகிராஞ்ச் அவரை ஊக்குவித்தார். அதே பெயரில் 1804 முதல் ஜேர்மனியக் கணித மேதை கவுஸுக்கும் கடிதம் எழுதினார். 1806இல் நெப்போலியனின் படை கவுஸ் வாழ்ந்த பிரவுன்ஷ்வைக் நகரை அடைந்தபோது, ஆர்க்கிமிடிஸின் முடிவு அவருக்கும் நேர்ந்துவிடுமோ என்று சோஃபி அஞ்சினார். குடும்ப நண்பரான ஒரு தளபதியிடம் பாதுகாப்புக் கோரினார். இதனால்தான் குட்டு வெளிப்பட்டது. கவுஸ் வியந்தார், மகிழ்ந்து பாராட்டினார்.

1808இல் கிளாட்னி என்பவர் பரிஸுக்கு வந்து, உலோகத் தகட்டின்மேல் மணலைத் தூவி, விளிம்பை வயலின் வில்லால் உரசி, மணல் கோலங்களாக ஒதுங்குவதைக் காட்டினார். இதற்குக் கணித விளக்கம் தருவோருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. 1811இல் வந்தது ஒரேயொரு விடை, சோஃபியுடையது. அதில் பிழை இருந்தது. அவருடைய கருதுகோளிலிருந்தே லாகிராஞ்ச் சரியான சமன்பாட்டைப் பெற்றுக் காட்டினார். 1813இல் கௌரவக் குறிப்பு மாத்திரம். 1816இல் மூன்றாம் முயற்சிக்குப் பரிசு கிடைத்தது. நடுவர்களுக்கு அப்போதும் முழுத் திருப்தியில்லை. பரிசளிப்புக்கு அவர் செல்லவில்லை.

அவருடைய பிழைகளைத் திறமைக் குறைவு என்று எடைபோடுவதை நாம் ஏற்கவில்லை. படிமுறை எழுதாவிட்டால் புள்ளியில்லை என்று சொல்லவும், விட்டுப்போன ஒரு வரியைக் கொப்பியில் சிவப்பு மையால் சுற்றிக் காட்டவும் எமக்கு ஆசிரியைகள் இருந்தார்கள். அன்று நாம் முகம் சுளித்த அந்தச் சிவப்பு மைதான் சோஃபிக்குக் கிடைக்காதது. போட்டி நடுவர்களின் தீர்ப்பே அவருக்குக் கிடைத்த திருத்தம்.

எண்கணிதத்திலோ அவருடைய அடி உறுதியானது. இரட்டித்து 1ஐக் கூட்ட மீண்டும் முதன்மை எண்ணைத் தரும் 5, 11, 23 போன்ற முதன்மை எண்கள் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன. பைதகரஸ் தேற்றத்தில் வர்க்கத்துக்குப் பதில் உயர்ந்த அடுக்குகளை வைத்தால் முழு எண் தீர்வு இல்லை என்பது பெர்மாவின் கூற்று. அதை ஒவ்வோர் அடுக்காக நிறுவ மற்றவர்கள் முயன்றபோது, பல அடுக்குகளை ஒருங்கே அணுகும் தேற்றமொன்றை அவர் தந்தார். லெஜாந்தர் அதை வெளியிட்டபோது சோஃபியின் பெயரைக் குறிப்பிட்ட இடம் ஓர் அடிக்குறிப்பு.

1829இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. இந்நோயாளரை அன்றாடம் காணும் எமக்கு அக்காலத்து நிலையை எண்ணப் பதைக்கிறது: மயக்கமருந்து வரவே இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அவர் வேலையை நிறுத்தவில்லை. வளைபரப்புகள் பற்றிய அவரது கட்டுரை 1831இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் 27ஆந் திகதி, 55 வயதில் காலமானார். மரணப் பதிவில் தொழில் என்ற இடத்தில் கணித அறிஞர் என்று எழுதவில்லை. சொத்து வருமானத்தில் வாழ்பவர் என்று எழுதினார்கள்.

பரிஸில் இன்று அவர் பெயரில் ஒரு வீதியும் ஒரு பாடசாலையும் உள்ளன. அந்தப் பாடசாலை முதலில் பெண்பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்டது.